வெண்டைக்காய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது

வேலை மாற்றலாகி மயிலாடுதுறைக்கு வந்து, ஒற்றை அறையில் தனியாகப் பொங்கிச் சாப்பிடும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெண்டைக்காய் எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் வாங்கினால் பாதி நாராக இருக்கிறது, மீதியை வதக்கினால் கூழாகிவிடுகிறது. எப்படிப் பார்த்து வாங்குவது? கொழகொழப்பை எப்படிப் போக்குவது? பொரியலைத் தவிர என்ன செய்யலாம்? ஊரில் அம்மாவுக்குச் சர்க்கரை. வெண்டைக்காய் ஊறிய தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறார்களே, கொடுக்கலாமா?"

தம்பி, நான் சமையல் படித்தவள் இல்லை. பிறந்த வீடு நாகப்பட்டினம் பக்கம் கடலோரம். வாழ்க்கைப்பட்டது திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில். மாமனாருக்குப் படுகையில் கொஞ்சம் காய்கறிக் கொல்லை இருந்தது. வருஷம் தவறாமல் வெண்டை போடுவார். விதை ஊன்றுவதிலிருந்து வத்தல் போடுவது வரை முப்பது வருஷமாக இந்தக் காயோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். வெண்டைக்காய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது. செடியின் காலடியில் தண்ணீர் நின்றால் செடி போச்சு. நறுக்கிய காயில் தண்ணீர் பட்டால் காய் போச்சு. வாணலியை மூடி ஆவித் தண்ணீர் உள்ளே சொட்டினால் பொரியல் போச்சு. மேட்டூர் திறந்தால் வாய்க்கால் வரப்பெல்லாம் தண்ணீராக நிற்கிற நம் ஊரில் இப்படி ஒரு காய்க்கு ஆசைப்படுகிறோம், அது ஒரு வேடிக்கைதான்.

அதனால்தான் டெல்டாவில் வெண்டை நடு வயலுக்கு வராது. களிமண் வயலில் ஒரு மழை பெய்து இரண்டு நாள் தண்ணீர் வடியாமல் நின்றால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகி, இலை மஞ்சளாகிக் கொட்டிவிடும். கொள்ளிடம், குடமுருட்டி, காவிரிப் படுகைகளில் வண்டலும் மணலும் கலந்த மண் இருக்கிறதே, அங்கேதான் அதற்கு வாழ்வு. வாழை, கத்தரி, கொடிக்கால் எல்லாம் இருக்கிற இடத்தில் ஒரு துண்டு வெண்டையும் இருக்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது இதற்கும் பொருந்தும். ஆனி, ஆடியில் ஒரு போகம், மாசி வாக்கில் இன்னொன்று. ஊன்றிய 45, 50 நாளில் முதல் பறிப்பு. அப்புறம் இரண்டு மாதம் போல ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கத்துச் செடியெல்லாம் ஓய்ந்துவிடும். அப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒட்டன்சத்திரம் மாதிரி தூரத்து மார்க்கெட்டிலிருந்து லாரியில் வந்தது. பறித்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும், விலையும் ஏறியிருக்கும். அந்த மாதங்களில் நான் வெண்டைக்காயைத் தேடிப் போவதில்லை. வத்தல் எதற்கு இருக்கிறது?

சரி, கொழகொழப்பு எங்கிருந்து வருகிறது? வெண்டை பருத்திக் குடும்பத்துச் செடி. செம்பருத்தி, பூவரசு, துத்தி, புளிச்சக்கீரை எல்லாம் இதற்கு அங்காளி பங்காளி. வெண்டைப் பூவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: இளமஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு, காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும். செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கித் தலைக்குத் தேய்ப்போமே, அந்த வழவழப்பும் வெண்டைக்காயின் வழவழப்பும் ஒரே சாதி. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள அந்தக் குடும்பமே செய்துகொண்ட ஏற்பாடு. நீண்ட சங்கிலி போன்ற மாவுப்பொருள் காய்க்குள் இருக்கிறது. காய் முழுசாக இருக்கும் வரை அது சும்மா இருக்கும். நறுக்கினால் வெளியே வரும், தண்ணீர் கிடைத்தால் ஊறி நூலாக இழுக்கும். எத்தனை பொடியாக நறுக்குகிறோமோ அத்தனை வாய் திறந்து விடுகிறோம் என்று அர்த்தம்.

கொழகொழப்பைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம். வெல்லம் காய்ச்சும் இடங்களில் வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி, அந்தச் சாற்றைக் கொதிக்கிற கரும்புச் சாற்றில் விடுவது உண்டு. சாற்றிலுள்ள அழுக்கையெல்லாம் திரட்டி நுரையோடு மேலே கொண்டுவந்துவிடும், கரண்டியால் வழித்து எறிந்துவிடலாம். நாம் சட்டியில் திட்டுகிற அதே பிசின்தான் அங்கே வெல்லத்தை வெளுப்பாக்குகிறது.

இனி வாங்குவது. பூ விழுந்த ஐந்தாறு நாளில் பறித்தால் அது பிஞ்சு. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் நார் ஓடும். ஒரே செடியில் திங்கட்கிழமை பறிக்க விட்டுப்போன காய் புதன்கிழமை அடுப்புக்கு ஆகாது, அவ்வளவு வேகம். பறிக்கிறவர்கள் இலைமறைவில் ஒன்றிரண்டைத் தவற விடுவார்கள், அடுத்த பறிப்பில் அது முற்றலாகக் கூடையில் சேரும். பறிப்பு லேசான வேலை இல்லை, காயிலும் இலையிலும் இருக்கிற சுணை கையெல்லாம் அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் எங்கள் வீட்டில் பறிப்போம். அதனால் முற்றல் கலந்திருக்கிறதே என்று விற்கிற அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

நுனியை ஒடித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். 'டக்' என்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து மடங்கினால் முற்றல். தெரியாத விஷயம், எல்லாக் காயையும் ஒடிக்கத் தேவையில்லை என்பது. நீங்கள் ஒடித்துப் போட்டதை அடுத்தவர் வாங்க மாட்டார், கடைக்காரர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. நான் செய்வது இது: ஆட்காட்டி விரல் நீளத்துக்கு மேல் போன காயைத் தொடுவதில்லை. விரல் நுனியால் காயின் நடுவில் லேசாக அமுக்கினால் பிஞ்சு கொஞ்சம் கொடுக்கும், முற்றல் கட்டை போல இருக்கும். உள்ளே விதை உருண்டை உருண்டையாகப் புடைத்துத் தெரிந்தால் வேண்டாம். காம்பு வெட்டிய இடம் கறுத்துக் காய்ந்திருந்தால் பழசு. மேலே மெல்லிய சுணை கையில் உறுத்தினால் அன்று பறித்தது. இப்படிப் பத்துக் காய் பொறுக்கிவிட்டு, சந்தேகமாக இருக்கிற ஒன்றை மட்டும் ஒடித்துப் பாருங்கள்.

நீளம் பார்க்கிற கணக்கு நாட்டுக் காய்க்குச் செல்லாது. யானைத் தந்த வெண்டை என்று ஒன்று இருக்கிறது, ரொம்ப நீளம் போனாலும் பிஞ்சாகவே இருக்கும், நல்ல பருமன். வெளிர் பச்சையாக இருப்பதால் சந்தையில் பலர் ஒதுக்கிவிடுவார்கள். குழம்புக்கு அதைப் போல ஒன்று வராது. சிவப்பு வெண்டை பார்க்க அழகு, ஆனால் வதக்கினால் நிறம் போய்க் கரும்பச்சையாகிவிடும், அது தண்ணீரில் கரைகிற சாயம். நிறத்துக்காகக் காசு கூடக் கொடுக்க வேண்டாம். கடையில் பொதுவாகப் பார்க்கிற ஐந்து வரி கரும்பச்சைக் காய் கலப்பின ரகங்களும், அர்க்கா அனாமிகா போன்ற ரகங்களும். அர்க்கா அனாமிகா பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உண்டாக்கியது. வெண்டைக்குப் பெரிய எமன் மஞ்சள் நரம்பு தேமல் நோய், வெள்ளை ஈ பரப்புவது. வந்தால் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளுத்துச் சிறுத்துவிடும். பூசா சவானி என்ற பழைய ரகம் ஒரு காலத்தில் அதைத் தாங்கி நின்றது, பின்னால் தாங்கவில்லை. அனாமிகாவுக்கு அந்தத் தெம்பு வந்தது வெண்டையின் காட்டு உறவு ஒன்றோடு சேர்த்ததால்.

ஒரு எச்சரிக்கை. காய் அளவுக்கு மீறிப் பச்சையாக, சாயம் போட்ட மாதிரி மினுமினுத்தால் ஒரு பஞ்சைத் திரவப் பாரபின் என்ற எண்ணெயில் நனைத்து மேலே தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பச்சையானால் சாயம் ஏற்றியது. உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லும் வீட்டுச் சோதனைதான் இது. படுகைக் காரர்கள் யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை, அவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம் உழவர் சந்தைகளுக்குக் காலை ஆறு மணிக்குப் போனால் அன்றைய காய் கிடைக்கும். ஒன்பது மணிக்குப் போனால் மற்றவர்கள் பொறுக்கியது போக மீந்தது கிடைக்கும்.

வாங்கி வந்ததைக் கழுவி வைக்காதீர்கள். செய்தித்தாளிலோ பருத்தித் துணியிலோ சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் குளிர் குறைவான தட்டில் வையுங்கள். ரொம்பக் குளிர் பட்டாலும் வெண்டைக்காயில் கரும்புள்ளி விழும், குழி விழும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வேர்த்து மறுநாளே வழுக்கும். மூன்று நாளுக்கு மேல் வைக்கிற காய் இல்லை இது. கால் கிலோ வாங்கி அன்றோ மறுநாளோ முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது அடுப்புக்கு வருவோம். கல்யாணமாகி வந்த புதிது, மாமியார் வெளியூர் போயிருந்தார். நான் ரொம்பச் சுத்தக்காரி என்று காட்ட வேண்டாமா, அரைக் கிலோ வெண்டைக்காயைப் பொடியாக நறுக்கிவிட்டு, அப்புறம் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மூன்று முறை அலசினேன். கைக்கு வந்தது வெண்டைக்காய் இல்லை, கஞ்சி. போகட்டும், வெந்தால் சரியாகும் என்று வாணலியில் போட்டு மூடியும் வைத்தேன். இலையில் பரிமாறியதைப் பார்த்து மாமனார், "கூட்டு நல்லாருக்கும்மா" என்றார். அவர் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே கூட்டு என்று நினைத்துவிட்டார். அதுதான் வலித்தது.

நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முழுக் காயாகக் கழுவுங்கள். ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி எடுங்கள். அரைமணி நேரம் மின்விசிறிக் காற்றில் பரப்பி வையுங்கள். அருவாமனையோ கத்தியோ, அதிலும் ஈரம் கூடாது. காம்பு, வால் நீக்கி ஒரு விரற்கடை அகலத்துக்கு நறுக்குங்கள். பொரியலுக்கு அதற்கும் பொடியாக வேண்டாம். நேரம் இருந்தால் நறுக்கியதையும் தட்டில் பத்து நிமிஷம் உலரவிடலாம்.

வாய் அகன்ற வாணலிதான் தேவை. காய் ஒன்றன் மேல் ஒன்று குவிந்தால் கீழே இருப்பது ஆவியில் வெந்து வழவழக்கும், பரவிக் கிடந்தால் வதங்கும். உங்களிடம் இருப்பது சின்னச் சட்டி என்றால் கால் கிலோவை இரண்டு தடவையாகப் போடுங்கள். இரும்புச் சட்டி ருசி, ஆனால் அதில் வெண்டைக்காய் கறுக்கும். காயிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுக்கிறது, கெடுதல் இல்லை. மூன்று தேக்கரண்டி எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. காயைப் போட்டதும் தீயை நடுத்தரத்துக்கு மேல் வையுங்கள். மூடாதீர்கள். கிண்டிக்கொண்டே இருக்காதீர்கள், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை புரட்டினால் போதும். ஐந்தாறு நிமிஷத்தில் நூல் நூலாக இழுக்கும், அப்போது பயந்து தண்ணீர் தெளித்துவிடாதீர்கள். ஒரு தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசலோ, இரண்டு தேக்கரண்டி புளித்த மோரோ தெளித்துப் புரட்டுங்கள். நூல் அறுந்துவிடும். புளிப்பு அந்தப் பிசினின் பிடிப்பைக் குறைக்கிற பொருள், நம் கிழவிகளுக்கு ஆய்வுக்கூடம் இல்லாமலே தெரிந்திருந்தது. ஆனால் முதலிலேயே புளிப்பை விட்டால் காய் வேகாமல் தோல் விறைத்துக்கொள்ளும், பச்சையும் போய்ப் பழுப்பாகும். பாதி வதங்கிய பிறகே விட வேண்டும். உப்பு கடைசி. உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுக்கும், முன்னால் போட்டால் வேலை வீண். மொத்தம் பன்னிரண்டு, பதினைந்து நிமிஷம். இறக்கும்போது தேங்காய்த் துருவல். தேங்காய் வேண்டாமென்றால் தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வறுத்துப் பொடித்த கறிப்பொடியைத் தூவிப் புரட்டுங்கள். எனக்குப் பிடித்தது பொடிதான்.

இந்த வதக்கல் கைவந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம், டெல்டாச் சமையலில் வெண்டைக்காய் எந்தக் குழம்பில் விழுந்தாலும் முதலில் தனியாக வதங்கிவிட்டுத்தான் விழும். அதில் எனக்கு முதலிடம் மோர்க்குழம்பு. தஞ்சாவூர்ப் பக்கக் கல்யாணப் பந்தியில் மோர்க்குழம்பு என்றால் பூசணியும் வெண்டையும்தான் மாறி மாறி வரும். பூசணி தானாகவே தண்ணீர் விடும், அது குழம்பை நீர்க்கடிக்கும். வெண்டை குழம்பைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதுதான் வித்தியாசம்.

இரண்டு பேருக்கு எட்டு, பத்துக் காய் போதும். ஒன்றரை அங்குலத் துண்டாக நறுக்கித் தேங்காய் எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி துவரம்பருப்பு, அரைத் தேக்கரண்டி பச்சரிசி, அரைத் தேக்கரண்டி தனியா மூன்றையும் அரைமணி ஊறவைத்து, மூன்று பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம், சின்னத் துண்டு இஞ்சி, கால் மூடித் தேங்காயோடு நைசாக அரையுங்கள். இரண்டு கப் புளித்த தயிரைக் கட்டியில்லாமல் கடைந்து, அரைத்ததையும் மஞ்சள்தூள், உப்பையும் கலந்து, அரை டம்ளர் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் வையுங்கள். கொதிக்க விடக்கூடாது. ஓரமெல்லாம் நுரை கட்டி மேலே பொங்கி வருகிற நேரம் இறக்கிவிட வேண்டும். அரிசியும் பருப்பும் சேர்ப்பது கெட்டிப்படுவதற்கு மட்டும் இல்லை, தயிர் திரிந்து போகாமல் பிடித்துக்கொள்வதும் அந்த மாவுதான். இறக்கிய பிறகு வதக்கிய வெண்டைக்காயைப் போடுங்கள். கடுகு, வெந்தயம், மிளகாய், கறிவேப்பிலை தேங்காய் எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். கால் மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால்தான் காய்க்குள் புளிப்பு இறங்கியிருக்கும். தொட்டுக்கொள்ள வேறு எதுவும் வேண்டாம், பருப்பு உசிலி இருந்தால் அது ராஜபோகம்.

புளிக்குழம்புக்குச் சின்னப் பிஞ்சாகப் பொறுக்குங்கள். காம்பை மட்டும் சீவி, முழுசாகவோ இரண்டு துண்டாகவோ போட வேண்டும். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டுக் காயை வதக்கித் தனியே எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, குழம்புப் பொடி. எலுமிச்சையளவு புளியைக் கரைத்து விட்டுப் பச்சை வாசனை போய் எண்ணெய் மிதக்கிற வரைக்கும் கொதித்த பிறகு காயைச் சேர்த்து ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். முதலிலேயே காயைப் போட்டுக் கொதிக்கவிட்டால் தோல் தனி, விதை தனியாகக் குழம்பில் நீந்தும். இது மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், உங்களைப் போல ஒற்றை ஆள் சமையலுக்கு ஏற்றது. என் பிறந்த வீட்டில் இதே குழம்பில் நெத்திலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் அலசிச் சேர்ப்போம். வெண்டையும் கருவாடும் சேர்ந்து வருகிற வாசனைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். கொள்ளிடக்கரை மாமியாருக்கு அது ஆகவே ஆகாது, ஆகையால் அந்த ருசிக்கு நான் நாகப்பட்டினம் பஸ் ஏற வேண்டியிருந்தது.

சாம்பாரிலும் இதே விதிதான்: புளி கொதித்தபின் வதக்கிய காய், அதற்குப்பின் பருப்பு. பச்சடி என்றால் மொறுமொறுவென்று வறுத்துச் சாப்பிட உட்காரும்போது தயிரில் கலக்க வேண்டும், முன்னால் கலந்தால் தயிர் நூல் விடும்.

கொழகொழப்பை வேண்டுமென்றே வைத்துச் சமைக்கிற ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் லூசியானாவில் கம்போ என்றொரு கெட்டிக் குழம்பு, பேரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கிற சொல்லிலிருந்து போனது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு காயும் சொல்லும் கடல் கடந்தன. மேற்கு ஆப்பிரிக்காவில் அதைத் துருவிக் கொதிக்கவைத்து நூலிழுக்கிற சூப்பாக்கிக் களியுருண்டையைத் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். ஜப்பானில் லேசாக வெந்நீரில் காட்டி சோயா சாஸ் விட்டு, அந்த வழவழப்புக்காகவே தின்கிறார்கள். துருக்கியில் சுண்டுவிரல் நுனியளவுப் பிஞ்சை நூலில் கோத்து மாலை மாலையாகக் காயவைக்கிறார்கள். நம் பக்கத்திலேயே செட்டிநாட்டு மண்டி இருக்கிறது. அரிசி கழுவின கழனித் தண்ணீரில் புளி கரைத்து வெண்டைக்காயைப் போட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும். 'வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் வதக்கின மாதிரி' பேசுகிறான் என்று நாம் ஆளைத் திட்டுகிறோம், ஜப்பான்காரருக்கு அதில் என்ன குறை என்றே புரியாது.

வத்தல் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாமியார் மன்னிக்க மாட்டார். பங்குனி, சித்திரை வெயிலில், கொஞ்சம் முற்றத் தொடங்கிய காயையும் இதற்குச் சேர்க்கலாம், நார் ஓடியது வேண்டாம். சாய்வாக அரை அங்குலத்துக்கு நறுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறவிட்டு, காலையில் வடித்துப் பாயில் பரப்புங்கள். சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போடுங்கள். மோர் தீருகிற வரை இரண்டு மூன்று நாள் இப்படி, அப்புறம் கலகலவென்று சத்தம் வருகிறவரை வெறும் காய்ச்சல். ஈரம் துளி இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். அடைமழை நாளில் சாதத்தோடு அதை எண்ணெயில் பொரித்துப் பாருங்கள். ஒரு நொடியில் கருகிவிடும், தீ குறைவாக இருக்கட்டும்.

அம்மாவின் சர்க்கரைக்கு வருகிறேன். 100 கிராம் பச்சை வெண்டைக்காயில் சுமார் 33 கலோரிதான், 3 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, கூடவே வைட்டமின் சி, போலிக் அமிலம், சுண்ணாம்புச்சத்து, மக்னீசியம். பிசினும் நார்ச்சத்துதான், சாப்பாட்டிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிற வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆகவே சாதத்தைக் குறைத்து வெண்டைக்காய்ப் பொரியலைக் கூட்டிச் சாப்பிடுவது நல்லதுதான். ஊறிய தண்ணீர் வேறு விஷயம். ராத்திரி இரண்டு காயைக் கீறிப் போட்டுக் காலையில் குடிக்கிற அந்தத் தண்ணீர் மாத்திரைக்கு மாற்று இல்லை. குடித்தே தீர வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாமல் குடிக்கட்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்சலேட் இருப்பதால் அளவோடு சாப்பிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் கே-யை நினைத்துத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்கிறார்களே, எங்கள் வீட்டில் படுகை நிறைய வெண்டைக்காய் சாப்பிட்டு வளர்ந்த என் பெரியவன் கணக்கில் வாங்கிய மார்க்கை இங்கே எழுத மாட்டேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மொட்டை மாடி இருந்தால் ஆறு தொட்டியில் வெண்டை போடுங்கள். தொட்டிக்கு அடியில் ஓட்டை அவசியம், உடைந்த ஓட்டுச் சில்லை அதன் மேல் கவிழ்த்து, மண்ணும் மணலும் மக்கின எருவும் சம அளவாக நிரப்புங்கள். விதையை ராத்திரி ஊறவைத்து, தொட்டிக்கு இரண்டாக ஊன்றி, முளைத்ததும் நோஞ்சானைப் பிடுங்கிவிடுங்கள். காலையில் மட்டும் தண்ணீர், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். அருகில் யாரும் பருத்தி போட்டிருந்தால் கவனம், பருத்திக் காயைத் துளைக்கிற புள்ளிப் புழு வெண்டைக்கும் வரும். துளை விழுந்த குருத்தையும் காயையும் கிள்ளி அழித்துவிடுங்கள். ஆறு செடி இருந்தால் ஒற்றை ஆளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கைப்பிடி கிடைக்கும். சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் இரண்டு காயாவது முற்றியிருக்கும். அதை விதைக்கு விடுங்கள். செடியிலேயே காய்ந்து, பழுப்பாகி, வரியோடு வெடிக்கிற நேரம் பறித்து, விதையைச் சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் போட்டு வையுங்கள். அடுத்த ஆடிக்குக் கடையில் விதை வாங்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும், அது கலப்பின விதையாக இருந்தால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது, நாட்டு ரகமாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.